குடும்பப்பெயர் யார் கேட்டது?

1849 நவம்பர் 21 அன்று பிலிப்பைன்ஸின் ஸ்பானிய ஆளுநர் நார்சிசோ கிளாவேரியா ஓர் ஆணை போட்டார். தீவுகளில் வாழும் எல்லோருக்கும் இனி நிலையான ஒரு குடும்பப்பெயர் இருக்க வேண்டும் என்றது அது. அதுவரை அங்கே வழக்கம் வேறு மாதிரி இருந்தது. ஞானஸ்நானத்தின்போது பாதிரியார் ஒரு புனிதரின் பெயரைச் சூட்டுவார். பலர் பக்தியில் தெ லா குரூஸ், சாந்தோஸ், தெல் ரொசாரியோ என்று தாங்களாகவே ஒன்றைச் சேர்த்துக்கொள்வார்கள். அண்ணன் ஒன்று வைத்துக்கொண்டால் தம்பி இன்னொன்று வைத்துக்கொள்வார். வீட்டுக்காரர்களுக்கு இதில் எந்தச் சிக்கலும் இல்லை. வரி வசூலிக்க வந்தவருக்குத்தான் தலைவலி. ஊரில் எந்தத் திசையில் கூப்பிட்டாலும் ஒரு தெ லா குரூஸ் திரும்பிப் பார்த்தால் அவர் யாரிடம் போய் நிற்பார்?

கிளாவேரியா இதற்கு ஒரு புத்தகம் தயாரித்தார். அகரவரிசையில் சுமார் 60 ஆயிரம் பெயர்கள். ஸ்பானியக் குடும்பப்பெயர்கள் போதாமல் செடிகொடிகள், கனிமங்கள், ஊர்கள், உள்ளூர் மொழிச் சொற்கள் என்று கிடைத்ததையெல்லாம் அதில் சேர்த்திருந்தார்கள். மாகாண அதிகாரிகள் அந்தப் பட்டியலைப் பகுதி பகுதியாகப் பிரித்து ஊர்களுக்குக் கொடுத்தார்கள். குடும்பத் தலைவர் வந்து தன் ஊருக்கு வந்த பகுதியிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டும். இதனால் சில இடங்களில் ஊர் முழுக்க ஒரே எழுத்தில் பெயர்கள் அமைந்துவிட்டன. ஆல்பாய் மாகாணத்தின் ஓவாஸ் என்ற ஊரில் 'ர' வரிசைப் பெயர்கள் இன்றும் குவிந்து கிடக்கின்றன. நான்கு தலைமுறையாக ஒரே பெயரை வைத்திருப்பதாகக் காட்டிய குடும்பங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. பிலிப்பைன்ஸ்காரர் ஒருவரின் பெயர் ஸ்பானியப் பெயராக இருந்தால் அவர் முன்னோர் ஸ்பெயினிலிருந்து வந்தார்கள் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பெரும்பாலும் அந்தப் பெயர் வந்தது இந்தப் பட்டியலிலிருந்துதான்.

அந்த நாட்டின் தேசிய வீரர் ஹொசே ரிசாலின் குடும்பத்துக்கு அதற்கு முன்பே மெர்காதோ என்ற பெயர் இருந்தது. ஆணைக்குப் பிறகு அப்பா பிரான்சிஸ்கோ, ரிசால் என்பதைச் சேர்த்துக்கொண்டார். ஆனாலும் வீட்டில் மெர்காதோதான் புழங்கியது. 1872-இல் பர்கோஸ் என்ற பாதிரியாருக்கு அரசு மரண தண்டனை நிறைவேற்றியது. ரிசாலின் அண்ணன் பாசியானோ மெர்காதோ அவருக்கு நெருக்கமானவர். தம்பியைப் பள்ளியில் சேர்க்கும்போது மெர்காதோ என்ற பெயர் ஆபத்து என்று பட்டது. அதனால் யாரும் கவனிக்காத ரிசால் என்ற பெயரில் சேர்த்தார்கள். சில வருடங்களில் ஸ்பானிய அரசு அதிகம் வெறுத்த பெயராக ரிசால் ஆகிவிட்டது வேறு கதை.

குடும்பப்பெயர் என்றாலே பழம்பெருமை, வம்சம், ரத்த உறவு என்று ஒரு நினைப்பு நமக்கு இருக்கிறது. சீனாவைப் போல மிகப் பழைய காலத்திலிருந்தே குடும்பப்பெயர் புழங்கும் நாடுகள் உண்டுதான். ஆனால் உலகத்தின் பெரும்பகுதியில், அதிலும் சாதாரண ஜனங்களிடையே, அது ஏதோ ஓர் அலுவலகத்துக்குத் தேவைப்பட்டதால் வந்தது. வரி, ராணுவம், நிலப்பத்திரம், பள்ளிப் பதிவேடு ஆகியவைதான் அதன் தாய்வீடு. எந்த நாட்டில் எந்த வருடம் குடும்பப்பெயர் கட்டாயமானது என்று பார்த்தால், அதை ஒட்டியே அந்த அரசு வேறு என்ன செய்துகொண்டிருந்தது என்பதும் தெரிந்துவிடும்.

ஜப்பானை எடுத்துக்கொள்ளலாம். 1868-க்கு முந்தைய ஷோகன் ஆட்சியான எடோ காலத்தில் குடும்பப்பெயரை வெளிப்படையாகப் பயன்படுத்துவது சாமுராய் போன்றவர்களுக்கே உரிய சலுகை. விவசாயிகளிலும் வணிகர்களிலும் பலருக்குத் தங்களுக்குள் ஒரு குடும்பப்பெயர் இருந்தது, ஆனால் அரசு ஆவணத்தில் அதை எழுத முடியாது. அடுத்து வந்த மெய்ஜி பேரரசரின் அரசு 1870-இல் 'எல்லோரும் வைத்துக்கொள்ளலாம்' என்று அனுமதி கொடுத்தது. ஜனங்கள் பெரிதாக அசையவில்லை. புதிதாக எதையாவது எழுதிக் கொடுத்தால் வரி ஏறிவிடுமோ என்ற பயம் யாருக்கும் வரக்கூடியதுதானே. 1873-இல் கட்டாய ராணுவ சேவை வந்தது. படைக்கு ஆள் எடுக்க வேண்டுமானால் யார் யார் என்று தெரிய வேண்டும். 1875 பிப்ரவரியில் அனுமதி கட்டாயமாக மாறியது, அதற்கு அழுத்தம் கொடுத்தது ராணுவ அமைச்சகம். வயல் நடுவே இருந்தவர் தனாகா, மலையடிவாரத்தில் இருந்தவர் யமாமோதோ, சின்னக் காட்டருகே இருந்தவர் கோபயாஷி. இன்று ஜப்பானில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பப்பெயர்கள் இருக்கின்றன. ஒரே ஒரு குடும்பத்துக்கு மட்டும் கிடையாது: பேரரசர் குடும்பம். யார் என்று கேட்கப்படாதவர்களுக்கு அது எதற்கு? 2021-இல் இளவரசி மாக்கோ ஒரு சாதாரணக் குடிமகனை மணந்து அரச குடும்பத்தை விட்டு வெளியேறியபோதுதான் வாழ்க்கையில் முதல்முறையாக அவருக்குக் குடும்பப்பெயர் கிடைத்தது.

அந்த நாட்டில் கணவன் மனைவி இருவருக்கும் ஒரே குடும்பப்பெயர் இருக்க வேண்டும் என்பது சட்டம். யாருடையதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்றுதான் அதில் எழுதியிருக்கிறது. நடைமுறையில் சுமார் 95 சதவீதம் பேர் கணவரின் பெயரையே எடுக்கிறார்கள். 2015-இலும் 2021-இலும் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், சட்டம் செல்லும் என்றே தீர்ப்பு வந்தது. பக்கத்திலேயே சீனாவிலும் கொரியாவிலும் பெண்கள் கல்யாணத்துக்குப் பிறகும் பிறந்த வீட்டுப் பெயரையே வைத்திருக்கிறார்கள். அதைப் பெண் விடுதலை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வேறு வம்சத்தில் பிறந்தவள் வேறு வம்சத்தவளே என்ற பழைய கணக்கும் அதில் இருக்கிறது.

துருக்கியின் கதை இன்னும் கறாரானது. 1934 ஜூனில் நாடாளுமன்றம் குடும்பப்பெயர்ச் சட்டத்தை நிறைவேற்றியது. அதற்கு முன் துருக்கியர்கள் அப்பா பெயரையோ ஊரையோ தொழிலையோ உடல் அடையாளத்தையோ சொல்லி ஒருவரை ஒருவர் குறிப்பிட்டுக்கொண்டார்கள். பெரிய மனிதர்களுக்குப் பாஷா, பே, எஃபெந்தி என்ற பட்டங்கள் இருந்தன. அதே வருடம் அந்தப் பட்டங்களையும் அரசு ஒழித்தது. பெயர் துருக்கி மொழியில் இருக்க வேண்டும். இனத்தையோ பழங்குடியையோ வெளிநாட்டையோ காட்டும் பெயர் கூடாது. 'யான்' என்று முடியும் ஆர்மீனியப் பெயர், 'புலோஸ்' என்று முடியும் கிரேக்கப் பெயர், 'ஆஃப்' என்று முடியும் ஸ்லாவியப் பெயர் எல்லாவற்றையும் விதிமுறை பெயர் சொல்லியே விலக்கியது. தேர்ந்தெடுக்கும் உரிமை குடும்பத் தலைவரான ஆணிடம் இருந்தது. ஜனங்கள் வீரமாகவே எடுத்துக்கொண்டார்கள்: அஞ்சாதவர் யில்மாஸ், பாறை காயா, இரும்பு தெமிர், எஃகு செலிக். இன்றும் துருக்கியில் அதிகம் காணப்படும் பெயர்கள் இவைதான். குடியரசை நிறுவிய முஸ்தபா கெமாலுக்கு அத்தாதுர்க், அதாவது துருக்கியரின் தந்தை, என்ற பெயரை நாடாளுமன்றமே தனிச்சட்டம் போட்டுக் கொடுத்தது. வேறு யாரும் அதை வைத்துக்கொள்ள முடியாது. பிரதமர் இஸ்மெத் பாஷா தான் வென்ற போர்க்களத்தின் பெயரால் இனோனு ஆனார். ஒரு தேசம் தன்னை என்னவாகப் பார்க்க ஆசைப்பட்டது என்று தெரிந்துகொள்ள அந்த நாட்டின் தொலைபேசிப் புத்தகத்தைப் புரட்டினாலே போதும்.

தாய்லாந்தில் இதையே அரசர் கொஞ்சம் ரசித்துச் செய்தார். 1913-இல் சட்டம் கொண்டுவந்த ஆறாம் ராமா, ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குத் தாமே சமஸ்கிருத, பாலிச் சொற்களைக் கோத்துப் பெயர் உண்டாக்கிக் கொடுத்தார். ஒரு குடும்பத்தின் பெயர் இன்னொரு குடும்பத்துக்கு இருக்கக்கூடாது என்பது அங்கே விதி. அதனால்தான் பின்னால் வந்து பதிந்துகொண்டவர்களின் பெயர்கள் அவ்வளவு நீளம். ஆனால் இவ்வளவு பாடுபட்டு வாங்கிய பெயரைத் தாய்லாந்தில் யாரும் பேச்சில் பயன்படுத்துவதில்லை. பிரதமரைக்கூட அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லித்தான் குறிப்பிடுகிறார்கள்.

ஐரோப்பாவில் வேகம் குறைவு. இங்கிலாந்தில் 1066 நார்மன் படையெடுப்புக்குப் பிறகு நிலக்கிழார்களிடம் தொடங்கிய பழக்கம் சில நூற்றாண்டுகளில் கீழே இறங்கியது. அம்பு செய்தவர் பிளெட்சர், மரப்பீப்பாய் செய்தவர் கூப்பர், கொல்லர் ஸ்மித். மகன் பீப்பாய் செய்யாவிட்டாலும் கூப்பராகவே இருந்த தலைமுறையில்தான் அது குடும்பப்பெயர் ஆனது. வேல்ஸ்காரர்கள் வெகுகாலம் 'ஆப்' என்ற சொல்லைப் போட்டு அப்பா, தாத்தா, பாட்டனார் என்று அடுக்கிக்கொண்டே போனார்கள். ஆங்கிலேய நிர்வாகம் அதை நறுக்கியது. ஆப் ரீஸ் என்பது பிரைஸ் ஆனது, ஆப் ஹவல் என்பது பவல் ஆனது. ஆஸ்திரியப் பேரரசில் இரண்டாம் ஜோசப் 1787-இல் யூதர்களுக்கு ஜெர்மன் குடும்பப்பெயர் கட்டாயம் என்றார். அவர்களுடைய பழைய முறை 'இன்னாரின் மகன் இன்னார்'. கோவிலில் இன்றும் அதுதான் செல்லும். அரசாங்கத்துக்கு ஒன்று, கடவுளுக்கு ஒன்று என்று இரண்டு பெயர் வைத்துக்கொள்வதில் அவர்களுக்கு எந்த முரணும் தெரியவில்லை.

எனக்குப் பிடித்தது ஸ்வீடன் ராணுவத்தின் ஏற்பாடு. அங்கேயும் அப்பா பெயரோடு 'சோன்' சேர்ப்பதே வழக்கம். ஆண்டர்ஸின் மகன் ஆண்டர்சோன். ஒரு படைப்பிரிவில் பத்து ஆண்டர்ஸ் ஆண்டர்சோன்கள் நின்றால் தளபதி யாரை அழைப்பார்? அதனால் படையில் சேரும்போதே ஒரு சின்னப் பெயர் கொடுத்தார்கள்: துணிந்தவன் மூடிக், சுறுசுறுப்பானவன் ராஸ்க், எஃகு ஸ்டோல். இதில் ஒரு விசேஷம் உண்டு. ஒவ்வொரு சிப்பாய்க்கும் ஊர்க்காரர்கள் ஒரு குடிலும் துண்டு நிலமும் கொடுக்க வேண்டும். பல இடங்களில் அந்தப் பெயர் குடிலோடு ஒட்டிக்கொண்டது. பழைய சிப்பாய் போய்ப் புதியவர் வந்தால் அவரும் அதே ராஸ்க். ரத்த சம்பந்தமே இல்லாத இரண்டு பேருக்கு வீட்டு வாசல் வழியாக ஒரே பெயர் வந்தது. தாவரங்களுக்கெல்லாம் பெயர் வைத்த லின்னேயஸின் அப்பா நில்ஸ் இங்கெமார்சோனும் இப்படி ஒரு நெருக்கடியில்தான் பெயர் தேடினார். பல்கலைக்கழகத்தில் சேரக் குடும்பப்பெயர் வேண்டும் என்றதும், பூர்விக நிலத்தில் நின்ற பெரிய லிண்டன் மரத்தை நினைத்து லின்னேயஸ் என்று எழுதிக் கொடுத்தார். 1901-இல் ஸ்வீடனில் பெயர்ச் சட்டம் வந்து ஒவ்வொரு குடும்பமும் மாறாத ஒரு பெயரை வைத்துக்கொள்ள வேண்டும் என்றானது. அன்று யாருக்கு என்ன இருந்ததோ அது உறைந்தது. ஆண்டர்சோன் என்பவரின் அப்பா இன்று ஆண்டர்ஸ் அல்ல. நான்கைந்து தலைமுறைக்கு முன்னால் எப்போதோ ஒரு ஆண்டர்ஸ் இருந்தார், அவ்வளவுதான்.

ஐஸ்லாந்து இந்த உறைதலுக்கு ஒப்புக்கொள்ளவே இல்லை. அங்கே இன்றும் அப்பா பெயர், சில வீடுகளில் அம்மா பெயர், அதோடு 'மகன்' அல்லது 'மகள்' என்ற விகுதி. ஒரே வீட்டில் அப்பா, அம்மா, மகன், மகள் நால்வருக்கும் நான்கு வெவ்வேறு பின்பெயர்கள் இருக்கலாம். புதிதாகக் குடும்பப்பெயர் எடுக்கக் கூடாது என்று 1925-இல் சட்டமே போட்டார்கள். தொலைபேசிப் புத்தகத்தைச் சொந்தப் பெயர் வரிசையில் அச்சிட்டார்கள். 1980 முதல் 1996 வரை அதிபராக இருந்த விக்தீஸ் ஃபின்போகதோத்திர் ஊருக்கெல்லாம் விக்தீஸ்தான். வரி ஒழுங்காக வசூலாகிறது, பள்ளிக்கூடம் நடக்கிறது, வங்கி நடக்கிறது. குடும்பப்பெயர் இல்லாமல் நவீன அரசு நடக்காது என்பவர்கள் ஐஸ்லாந்துக்கு ஒரு நடை போய் வரலாம்.

பர்மாவிலும் குடும்பப்பெயர் கிடையாது. பிறந்த கிழமைதான் அங்கே பெயரைத் தீர்மானிக்கும். ஒவ்வொரு கிழமைக்கும் சில எழுத்துகள் உண்டு, குழந்தையின் பெயர் அவற்றில் ஒன்றில் தொடங்க வேண்டும் என்பது பழைய வழக்கம். வயதுக்கும் மரியாதைக்கும் ஏற்றபடி முன்னால் மௌங், கோ, ஊ, ஆண்களுக்கு. மா, டாவ், பெண்களுக்கு. ஐ.நா. பொதுச்செயலாளராக இருந்த ஊ தாண்டின் பெயர் வெறும் தாண்ட். ஊ என்பது நம் 'ஐயா' மாதிரி. மேற்கத்தியப் பத்திரிகைகள் அதை முதல் பெயர் என்று நினைத்துக்கொண்டன. அவர் பிறந்தது 1909 ஜனவரி 22, வெள்ளிக்கிழமை. பெயரின் முதலெழுத்தும் வெள்ளிக்கு உரியதே. ஆப்பிரிக்காவில் கானாவின் ஆகான் மக்களும் கிழமைப் பெயர் வைப்பவர்கள். வெள்ளியன்று பிறந்த ஆண் கோஃபி, சனியன்று பிறந்தவர் குவாமே. 1938 ஏப்ரல் 8, வெள்ளிக்கிழமை பிறந்த கோஃபி அன்னான் பின்னாளில் அதே ஐ.நா. நாற்காலியில் உட்கார்ந்தார். ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத இரண்டு கண்டங்களிலிருந்து இரண்டு வெள்ளிக்கிழமைக்காரர்கள்!

அதிகாரி கேட்டுக் கொடுத்த பெயர்களோடு ஒப்பிட்டால், வீட்டார் தாங்களாக வைக்கும் பெயரில் எப்போதும் உயிரின் மேல் ஒரு கவலை இருக்கும். அடுத்தடுத்துக் குழந்தைகளைப் பறிகொடுத்த மங்கோலியத் தாய் அடுத்த குழந்தைக்கு நெர்குய் என்று வைப்பாள். பெயரில்லாதது என்று பொருள். எனெபிஷ் என்றும் ஒரு பெயர் உண்டு, 'இது இல்லை' என்று. தேடிவரும் தீய சக்தி ஏமாந்து அடுத்த கூடாரத்துக்குப் போய்விடட்டும் என்பது எண்ணம். நைஜீரியாவின் யோருபா மக்கள் ஏமாற்றுவதைவிடக் கெஞ்சுகிறார்கள். மாலோமோ என்றால் 'இனிப் போகாதே', துரோஜாயே என்றால் 'இருந்து வாழ்ந்து அனுபவி'. நம் ஊர்க் குப்புசாமி, குப்பம்மாள், பிச்சை, மண்ணாங்கட்டி எல்லாம் இந்த ரகத்தைச் சேர்ந்தவைதான். பிறந்த குழந்தையைக் குப்பைமேட்டில் ஒரு நொடி கிடத்தி எடுப்பதும், பக்கத்து வீட்டுக்காரி கையில் கொடுத்துவிட்டு ஒரு படி தவிட்டுக்குத் திரும்ப வாங்குவதும் தமிழ்நாட்டில் நடந்த சடங்குகள். 'இது எங்கள் பிள்ளையே இல்லை, தவிட்டுக்கு வாங்கியது' என்று எமனுக்குக் கணக்குக் காட்டுவது. இன்று அந்தப் பெயர்களைக் கேட்டுச் சிரிக்கிறோம். குழந்தைச் சாவு குறைந்திருப்பதால் சிரிக்க முடிகிறது.

சரி, தமிழர் பெயருக்கு வருவோம். நம்மிடம் குடும்பப்பெயர் இல்லை என்பதால் ஆளை அடையாளம் சொல்லும் முறையே இல்லை என்று ஆகிவிடாது. சங்கப் பாடல்களின் அடியில் புலவர்கள் பெயரைப் பாருங்கள்: மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார். ஊர், அப்பா, சொந்தப் பெயர், அதே வரிசையில். மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் துணி வியாபாரி. தங்கால் பொற்கொல்லன் வெண்ணாகனார், உறையூர் மருத்துவன் தாமோதரனார். மூன்று துண்டில் ஆள் யார், எங்கிருப்பவர் என்று தெரிந்துவிடுகிறது. இனிஷியல் வெள்ளைக்காரன் கொடுத்தது என்பார்கள். எழுத்தாகச் சுருக்குவதும் முன்னால் புள்ளி வைப்பதும் அவன் காலத்துப் பழக்கம்தான். ஊரும் அப்பாவும் பெயருக்கு முன்னால் வருவது அதைவிட மிகப் பழையது.

பதிவேடு நம்மிடமும் இருந்தது. தஞ்சைப் பெரிய கோவில் சுவரில் ராஜராஜன் வெட்டுவித்த கல்வெட்டு ஒன்றில் 400 தளிச்சேரிப் பெண்டுகள், அதாவது கோவில் பணி செய்த ஆடல் மகளிர், ஒருவர் விடாமல் இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு நெல் அளக்க வேண்டும், ஆள் மாறிவிடக் கூடாது. அதற்கு அந்தக் கணக்கன் என்ன செய்தான்? எந்தத் தெரு, எந்தச் சிறகு (தெருவின் எந்தப் பக்க வரிசை), எத்தனையாவது வீடு, முன்பு எந்த ஊர்க் கோவிலில் இருந்தவர், பிறகு பெயர். எல்லாப் பெயருக்கும் முன்னால் நக்கன் என்ற ஒரே சொல் நிற்கிறது, சிவனுக்கு உரியவர்கள் என்ற அடையாளமாக. குடும்பமும் இல்லை, அப்பா பெயரும் இல்லை. ஆயிரம் வருடங்களுக்கு முந்தைய சம்பளப் பட்டியல் அது. வீட்டு இலக்கத்தை வைத்தே வேலை முடிந்துவிட்டது.

பிறகு, பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்த ஒன்றும் நம்மிடம் இருந்தது: சாதிப் பட்டம். ஐயர், முதலியார், பிள்ளை, நாடார், செட்டியார். ஆங்கிலேயர் ஆட்சியின் ஆவணங்களில் இவை மெல்ல மெல்லக் குடும்பப்பெயர் இடத்தில் உட்கார்ந்துகொண்டிருந்தன. இன்னும் இரண்டு தலைமுறை போயிருந்தால் வடக்கே சர்மா, குப்தா போல இங்கேயும் உறைந்திருக்கும். அதைத் தடுத்தது சுயமரியாதை இயக்கம். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் மாகாண மாநாடு சாதிப் பட்டங்களை விட வேண்டும் என்று தீர்மானம் போட்டது. ஈ.வெ. ராமசாமி நாயக்கர் வெறும் ஈ.வெ. ராமசாமி ஆனார். எல்லோரும் உடனே விட்டுவிடவில்லை. ஆனால் சில பத்தாண்டுகளில், படித்தவர் பெயருக்குப் பின்னால் பட்டம் இருப்பது தமிழ்நாட்டில் கூச்சம் தரும் விஷயமாக மாறியது. பெயரைக் கேட்டே சாதியைக் கண்டுபிடிக்கும் வசதி பெருமளவு போனது. ('எந்த ஊர்?', 'அங்கே எந்தத் தெரு?' என்று சுற்றிவளைத்துக் கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.) உலகத்தில் அரசாங்கங்கள் ஜனங்களுக்குக் குடும்பப்பெயர் சூட்டிக்கொண்டிருந்த அதே காலத்தில் ஒரு சமூகம் தன் பின்பெயரைத் தானே வெட்டி எறிந்தது. துருக்கிக்கு ஐந்து வருடம் முந்தைய மாநாடு அது. இந்த ஒப்பீட்டை யாரும் அதிகம் செய்வதில்லை. 2021-இல் பாடப்புத்தகங்களில் பழைய தமிழறிஞர்களின் பட்டத்தையும் நீக்கி உ.வே. சாமிநாதய்யரை உ.வே. சாமிநாதர் ஆக்கியது எனக்கு ஒப்பவில்லை. அவரே ஐயர் என்ற பட்டத்தோடுதான் கையெழுத்துப் போட்டார்.

குடும்பப்பெயர் இல்லாததால் வரும் விசித்திரங்களுக்கு ஒரே குடும்பத்தை உதாரணமாகச் சொல்லலாம். சி.வி. ராமன் 1930-இல் இயற்பியல் நோபல் வாங்கினார். எஸ். சந்திரசேகர் 1983-இல் வாங்கினார். இவர் ராமனின் அண்ணன் மகன். பட்டியலை மட்டும் பார்க்கும் வெளிநாட்டுக்காரருக்கு இரண்டு பேருக்கும் உறவு இருப்பதாகத் தோன்ற வழியே இல்லை. ஆனால் நம் முறை தெரிந்தவருக்கு உறவு அங்கேயே எழுதியிருக்கிறது. ராமனின் 'சி' என்பது சந்திரசேகர ஐயர், அவருடைய அப்பா. அந்தத் தாத்தாவின் பெயரைத்தான் மூத்த பேரனுக்கு வைத்தார்கள். சந்திரசேகரின் 'எஸ்' என்பது அவர் அப்பா சுப்பிரமணிய ஐயர். 1999-இல் நாசா விண்ணில் ஏவிய சந்திரா எக்ஸ்ரே தொலைநோக்கி, விசாகப்பட்டினத்தில் கணக்கும் இயற்பியலும் சொல்லிக்கொடுத்த ஓர் ஆசிரியரின், அதாவது அந்தத் தாத்தாவின், பெயரையும் சேர்த்தேதான் சுமக்கிறது. கண்டுபிடிப்புகளுக்குக் குடும்பப்பெயர் சூட்டுவது அறிவியல் உலக வழக்கம். ராமன் விளைவு, சந்திரசேகர் வரம்பு இரண்டிலும் இருப்பது அவர்களுடைய சொந்தப் பெயர்கள்.

எல்லோருக்கும் இப்படி அமைவதில்லை. விஸ்வநாதன் ஆனந்தை உலகச் சதுரங்கத்தில் 'விஷி' என்றே கூப்பிடுகிறார்கள், அது அப்பா பெயரின் செல்லச் சுருக்கம். 1960 ரோம் ஒலிம்பிக்கில் வெறுங்காலோடு ஓடி மாரத்தான் வென்ற எத்தியோப்பியரை உலகம் பிக்கிலா என்று கொண்டாடியது. பிக்கிலா அவர் அப்பா, ஓடியவர் அபெபெ. எத்தியோப்பியாவில் சொந்தப் பெயர், அப்பா பெயர், தாத்தா பெயர் என்று வரிசை போகும். இரண்டாவதாக நிற்பது குடும்பப்பெயர்தான் என்று வெளியாட்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள். இந்தோனேசியாவின் சுகர்னோவுக்கு ஒரே பெயர். அப்படி ஒருவர் இருக்க முடியுமா என்று திகைத்த வெளிநாட்டுப் பத்திரிகைகள் 'அஹ்மத்' என்று ஒரு முன்பெயரை ஒட்டவைத்தன. அந்த நாட்டிலேயே 2022-இல் புதிதாகப் பதிவாகும் பெயர்களுக்குக் குறைந்தது இரண்டு சொல் வேண்டும் என்று விதி வந்துவிட்டது. இனிப் பிறக்கும் சுகர்னோ எவரும் வெறும் சுகர்னோவாக இருக்க முடியாது.

மலேசியாவில் ஓர் இடைவழி கண்டார்கள். மலேசியத் தமிழரின் அடையாள அட்டையில் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவே 'ஏ/எல்' அல்லது 'ஏ/பி' இருக்கும். இன்னாரின் மகன், இன்னாரின் மகள் என்பதன் மலாய்ச் சுருக்கம். விமான டிக்கெட்டில் சாய்கோடு போட முடியாமல் அது பெயரோடு சேர்ந்து ஒரு விநோத எழுத்துக்கூட்டமாக நிற்பது அங்கே எல்லோருக்கும் பழகிய தமாஷ்.

இந்தியக் கடவுச்சீட்டில் குடும்பப்பெயர்க் கட்டத்தைக் காலியாக விடலாம், தவறில்லை. விடுபவர்கள் வெளியே போகும்போது மாட்டிக்கொள்கிறார்கள். அமெரிக்க விசாவில் ஒற்றைப் பெயர்காரரின் பெயர் குடும்பப்பெயர்க் கட்டத்துக்குப் போய்விடும். சொந்தப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்.என்.யு.' என்று விழும், 'முதல் பெயர் தெரியவில்லை' என்பதன் சுருக்கம். பிறகு வங்கி, ஓட்டுநர் உரிமம், சம்பளச் சீட்டு எல்லாவற்றிலும் அவர் திருவாளர் எஃப்.என்.யு. தான். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், கடவுச்சீட்டில் ஒரே பெயர் உள்ளவர்கள் சுற்றுலா, பார்வையாளர் விசாவில் நுழைய முடியாது என்று அறிவித்தது. கடவுச்சீட்டின் பின்பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்வோம் என்று பிறகு விளக்கம் வந்தது. அந்தச் சில நாட்கள் தமிழ்நாட்டு டிராவல் ஏஜென்ட்களைக் கேட்டால் தெரியும்.

விளைவாக, நாமும் இப்போது குடும்பப்பெயர் உண்டாக்கிக்கொண்டிருக்கிறோம், யாரும் சட்டம் போடாமலே. வெளிநாட்டில் குடியேறிய முருகேசனின் மகன் செந்தில், படிவத்தில் செந்தில் முருகேசன் ஆகிறார். மனைவி கயல்விழி எந்தப் பெயரை எடுப்பது? செந்தில் என்றால் அது கணவனின் சொந்தப் பெயர், முருகேசன் என்றால் மாமனார் பெயர். பிள்ளை பிறந்ததும் மருத்துவமனை கேட்கிறது. நம் முறைப்படி பிள்ளைக்குப் பின்னால் செந்தில் வர வேண்டும். அப்படி வைத்தால் பள்ளியில் அப்பாவுக்கும் பிள்ளைக்கும் ஏன் வேறு வேறு குடும்பப்பெயர் என்று கேட்பார்கள். முருகேசன் என்று வைத்தால் அந்தப் பெயர் அங்கேயே உறைந்துபோய், தாத்தாவைப் பார்த்தே இராத கொள்ளுப்பேரன் வரை போகும். ஸ்வீடனில் 1901-இல் ஆண்டர்சோனுக்கு நடந்ததுதான் இது. சில வீடுகளில் அண்ணன் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார், தம்பி வேறொன்றை. அண்ணன் பிள்ளைகள் எல்லாம் முருகேசன், தம்பி பிள்ளைகள் எல்லாம் தம்பியின் பெயர். பெரியப்பா பிள்ளையும் சித்தப்பா பிள்ளையும் ஒரே கல்லூரியில் சேர்ந்தால் அவர்கள் உறவு என்று எந்தக் கணினிக்கும் தெரியாது.